‘எவன்டா இந்தக் கோட் எழுதினது?’ என்று கேட்பதற்கு முன்

எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர், போன வாரம் டீக்கடை வாசலில் நின்று ஒரு பழைய ஃபைலைக் கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். “அண்ணா, பணம் கட்டுற இடத்துல நடுவுல மூணு செகண்ட் சும்மா தூங்குது அண்ணா. எவனோ பைத்தியக்காரன் எழுதியிருக்கான். நாங்க அதைத் தூக்கிட்டோம், ரிவ்யூ பண்ணி விடுங்க.” அடுத்த வாய் டீக்குள் பேச்சு ஜாவாஸ்கிரிப்டுக்குத் தாவியது. அது ஒரு மொழியே இல்லையாம்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றையும் கலக்கியது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் நான் பேசிய அதே பேச்சு. நான் வாங்கிய அடியை இவர்களும் அதே இடத்தில் வாங்கப் போகிறார்கள்.

வேரியபிளுக்கு ஒற்றை எழுத்தில் பெயர் வைக்காதே, பாஸ்வேர்டை நிரலுக்குள் எழுதாதே என்பதையெல்லாம் சொல்ல ஆயிரம் வீடியோ இருக்கிறது. நான் எழுதப்போவது திட்டுவதில் நடக்கும் தவறுகளைப் பற்றி.

கணக்கு உதைத்தால் மொழியைத் திட்டுவது

0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் ஜாவாஸ்கிரிப்ட் 0.30000000000000004 என்று சொல்லும். இதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து க்ரூப்பில் போட்டுச் சிரிக்காத ஆளே இல்லை. அதே கூட்டலைப் பைத்தானில் போட்டுப் பாருங்கள், ஜாவாவில் போட்டுப் பாருங்கள், அதே வால் முளைக்கும். 1985-இல் வந்த ஐட்ரிபிள்ஈ 754 என்ற பொதுத் தரப்படி புள்ளி எண்களை இரும முறையில் (0, 1 இரண்டை மட்டும் வைத்து) வைக்கிற எல்லா மொழிக்கும் இந்தக் கதிதான். மூன்றில் ஒரு பங்கைப் பத்தின் அடிப்படையில் எழுதப் போனால் 0.333 என்று முடிவில்லாமல் ஓடும் இல்லையா, பத்தில் ஒரு பங்கை இருமத்தில் எழுதினாலும் அப்படித்தான் ஓடும். எங்கேயோ வெட்டித்தான் ஆகவேண்டும். பணம் என்றால் பைசாவாக்கி முழு எண்ணில் வையுங்கள், விஷயம் முடிந்தது.

அதற்காக மொழியில் ஓட்டையே இல்லை என்று சொல்லவரவில்லை. 10, 9, 1 என்ற மூன்று எண்ணை ஜாவாஸ்கிரிப்டிடம் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னால் 1, 10, 9 என்று தரும். எழுத்தாக மாற்றித்தான் ஒப்பிடும், நாம் தனியாகச் சொல்லாதவரை. ‘நல்’ (மதிப்பு எதுவும் இல்லை என்பதற்கான குறி) என்ன வகை என்று கேட்டால் ‘ஆப்ஜெக்ட்’ என்று சொல்லும். பிரெண்டன் ஐக் 1995 மே மாதம் பத்தே நாளில் முதல் வடிவத்தை எழுதி முடித்த மொழி அது, அந்த அவசரத்தின் தழும்பு இன்னும் இருக்கிறது. திருத்தலாமே என்று பின்னாளில் பேச்சு வந்தது. திருத்தினால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற தளங்கள் உடையும் என்று விட்டுவிட்டார்கள்.

பிஎச்பி இன்னும் மோசம். ஒரு ஃபங்ஷனில் தேடும் பொருள் முதலில், தேடும் இடம் அடுத்து. இன்னொன்றில் அப்படியே தலைகீழ். 2020-இல் எட்டாம் பதிப்பு வரும்வரை 0-வும் ‘அம்மா’ என்ற சொல்லும் சமம் என்று கூசாமல் சொல்லிக்கொண்டிருந்த மொழி. திட்டுங்கள், நானும் கூட நிற்கிறேன். ஆனால் தினமும் போகிற ரோட்டில் எங்கே பள்ளம் என்று தெரியாத டிரைவர் ரோட்டைத் திட்டினால் பஸ்ஸில் இருக்கிறவன் யாரைப் பார்ப்பான்?

யார் எழுதியது என்று கிட்டில் தேடுவது

வேண்டாம். எந்த வரியை யார் எழுதினார்கள் என்று கிட் குறித்துவைத்திருக்கும், நான் தேடிய மூன்று தடவையும் என் பெயர்தான் வந்தது.

“மொத்தமா தூக்கிப் போட்டுட்டு புதுசா எழுதிடலாம்”

இந்த வாக்கியத்தைக் கேட்டாலே எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். ஏன் என்று சொல்கிறேன்.

2018. நான் வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது, எல்லாம் தெரியும் என்று நினைக்கிற வயது. தென்மாவட்டத்தில் மூன்று மாடி ஜவுளிக்கடை ஒன்று, அதன் பில்லிங் புரோகிராம் எங்களிடம் வந்தது. பிஎச்பியில், ஒரே ஃபைலில், நாலாயிரத்துச் சொச்சம் வரி. கமெண்ட் என்று ஒன்றுகூடக் கிடையாது. எழுதியவர் வேலையை விட்டுப் போய் இரண்டு வருஷம்.

படிக்கப் படிக்க எனக்குக் கொண்டாட்டம். ஓரிடத்தில் நேரத்தோடு 330-ஐக் கூட்டியிருந்தார். என்ன 330, எதற்கு 330, ஒரு வார்த்தை இல்லை. பில் டேபிளில் ‘டேட்’ என்று ஒரு நெடுவரிசை, பக்கத்திலேயே ‘டேட்2’ என்று இன்னொன்று. இரண்டிலும் பெரும்பாலும் ஒரே தேதி. இரண்டையும் ஸ்லைடில் போட்டு மேனேஜரிடம் காட்டிச் சிரித்தேன். “சார், இதை ரிப்பேர் பண்ண முடியாது. நோடில் புதுசா எழுதிடலாம், ரெண்டு மாசம் போதும்.” நோட் என்றால் சர்வரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட். நான்கரை மாதம் ஆனது. ‘டேட்2’-வைத் தூக்கினேன். 330 தானாகவே போயிற்று.

அக்டோபர் நடுவில் ஏற்றினோம். தீபாவளி நவம்பர் 6. கடையில் ராத்திரி ஒரு மணி வரை கூட்டம். எல்லாம் ஜோராக ஓடியது, கல்லா கணக்கு தினமும் பைசா பிசகாமல் நின்றது. நான் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

நவம்பர் 3 அன்று ஒரு அம்மா சேலை மாற்ற வந்தார். கையில் இருந்த பில்லில் நவம்பர் 1 என்று இருக்கிறது. கம்ப்யூட்டரில் அதே பில் அக்டோபர் 31 என்று நிற்கிறது. முதலாளி அண்ணாச்சி போன் போட்டார். “தம்பி, ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல போட்ட பில்லு பூராவும் முந்துன நாள் தேதியில நிக்குது. மாசக் கடைசி வேற. ஆடிட்டர் என்னைய வையுதாரு.”

நான் முதலில் செய்த காரியம் ஜாவாஸ்கிரிப்டைத் திட்டியது. தேதி போடக்கூடத் தெரியாத மொழி என்று. அரைமணி நேரம் கழித்துத்தான் உறைத்தது. சர்வர் ஓடுவது யுடிசி என்கிற உலகப் பொது நேரத்தில். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். ஐந்தரை மணி என்றால் 330 நிமிஷம். அவர் 330-ஐக் கூட்டியது அதற்குத்தான்! நானோ ‘டூஐஎஸ்ஓஸ்ட்ரிங்’ போட்டு முதல் பத்து எழுத்தை வெட்டித் தேதி என்று வைத்திருந்தேன். அது தருவது யுடிசி தேதி. ராத்திரி 12-லிருந்து விடிகாலை 5:30 வரை அது முந்தின நாளாகத்தான் இருக்கும். பில் அச்சடித்தது பிரவுசர், அதன் கடிகாரம் கடையின் கடிகாரம், அதனால் காகிதத்தில் மட்டும் சரியாக வந்திருக்கிறது. நாங்கள் டெஸ்ட் செய்தது எல்லாம் காலை பத்துக்கும் மாலை ஏழுக்கும் நடுவில். பகலில் இந்தத் தப்பு தலையே காட்டாது.

திருத்தி ஏற்றிவிட்டு, நிம்மதியாகத் தூங்கினேன்.

கதை இனிமேல்தான். அன்று ராத்திரி கடையை மூடிக் கல்லாவை எண்ணினால் கணக்கைவிட ஒன்றே கால் லட்சம் கூடுதல். பணம் கூடினால் யார் சத்தம் போடப்போகிறார்கள், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். மறுநாள் ராத்திரி நாற்பதாயிரம் குறைந்தது. குறைந்தால் மட்டும் கேள்வி வரும். முதல் தளத்தில் கேஷியராக இருந்த அக்காவை எல்லார் முன்னாலும் நிற்கவைத்துக் கைப்பையைத் திறந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

பழைய ஆளின் நம்பரை எப்படியோ பிடித்துக் கூப்பிட்டேன். நான் பாதி சொல்வதற்குள்ளேயே, “டேட்2 கல்லா தேதிப்பா. ராத்திரி நாலு மணிக்கு முன்னால போட்ட பில்லு முந்தின நாள் கல்லாவுலதான் சேரும், கடை மூடித்தானே பணம் எண்ணுவாங்க? வரிக்குக் காலண்டர் தேதி, கல்லாவுக்குக் கடை தேதி. அதை எடுத்துட்டியா?” என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நான் இரண்டு தப்பு செய்திருந்தேன், அவை ஒன்றையொன்று மூடிக்கொண்டிருந்தன. நள்ளிரவு பில்லுக்கு முந்தின நாள் தேதி தவறாக விழுந்ததால் கல்லா மட்டும் தற்செயலாகச் சரியாக நின்றது. தேதியைத் திருத்தியதும் கல்லா அம்மணமாகிவிட்டது. ஒரு நாள் ராத்திரி வாங்கிய பணம் அன்றைய கல்லாவில், பில் மறுநாள் கணக்கில். ‘டேட்2’ அசிங்கமான பெயர்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கடை எப்படி நடக்கிறது என்பது அதற்குள் இருந்தது. என்னுடைய அழகான நிரலில் அது இல்லை.

அண்ணாச்சி மன்னித்துவிட்டார். அந்த அக்கா தீபாவளி முடிந்ததும் வேலையை விட்டுவிட்டார். என் பெயர்கூட அவருக்குத் தெரிந்திருக்காது.

இதைப் பெரிய பெரிய ஆட்களும் செய்திருக்கிறார்கள். நெட்ஸ்கேப் பிரவுசரின் நான்காம் பதிப்பு 1997-இல் வந்தது. பழைய நிரல் சரிப்படாது என்று 1998 அக்டோபரில் ஒதுக்கிவைத்துவிட்டுப் புது எஞ்சின் மேல் கட்டப் போனார்கள். அடுத்த பெரிய பதிப்பு வந்தது 2000 நவம்பரில், அதுவும் ஆறாம் எண்ணோடு, ஐந்து என்று ஒன்று வரவே இல்லை. வந்ததும் அரைவேக்காடு. அதற்குள் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் ஊரை வளைத்துவிட்டது. (அந்த மறு எழுத்திலிருந்துதான் கடைசியில் ஃபயர்ஃபாக்ஸ் கிளைத்தது, உண்மை. முதல் பதிப்பு 2004 நவம்பரில். அவ்வளவு காலம் காத்திருக்க உங்கள் வாடிக்கையாளரிடம் சொல்லிப் பாருங்கள்.)

புதிதாக எழுதவே கூடாதா என்றால், எழுதலாம், துண்டு துண்டாக. பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு இரண்டும் ஒரே விடை தருகிறதா என்று பாருங்கள். மாதக் கடைசி ஒன்று, பண்டிகை ராத்திரி ஒன்று கட்டாயம் அதில் இருக்கவேண்டும். விடை வேறுபட்டால் பழையதுதான் தப்பு என்று எடுத்த எடுப்பில் நினைக்காதீர்கள். புரியாத எண் ஒன்று கண்ணில் பட்டால் அதைப் பெருக்கி வகுத்துப் பாருங்கள். 330, 5.5, 86400 (ஒரு நாளின் செகண்டுகள்) போன்ற எண்கள் எங்கேயோ பூமியிலிருந்துதான் வந்திருக்கும்.

ரிவ்யூவில் ‘அசிங்கம்’ என்று எழுதுவது

எந்த இன்புட்டில் உடையும் என்று எழுதுங்கள். அப்படி ஒன்று கிடைக்காவிட்டால் அப்ரூவ் செய்யுங்கள்.

வேறு மொழிக்குப் போனால் வியாதி தீரும் என்று நம்புவது

ஒரு வகை வியாதி தீரும். கணினி விஞ்ஞானி டோனி ஹோர் 1965-இல் அல்கால் டபிள்யூ மொழியில் எதையும் காட்டாத ‘நல்’ சுட்டியைச் சேர்த்தார், செய்வது சுலபமாக இருந்தது என்பதற்காக. 2009-இல் அவரே மேடையேறி அதைத் தன் நூறு கோடி டாலர் தவறு என்றார். இன்றைக்கு ரஸ்ட், காட்லின் மாதிரி மொழிகள் அந்தக் குழியை முக்கால்வாசி மூடியிருக்கின்றன. அந்தப் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் ரஸ்டில் எழுதியிருந்தாலும் என் கல்லா உதைத்துத்தான் இருக்கும்.

ஆப்பிள் கருவிகளில் 2014 பிப்ரவரியில் திருத்தப்பட்ட ஓட்டை ஞாபகம் இருக்கலாம். இணைப்பு பாதுகாப்பானதா என்று பார்க்கும் சி நிரலில் ‘கோட்டூ ஃபெயில்’ (தோல்விப் பகுதிக்குத் தாவு) என்ற வரி அடுத்தடுத்து இரண்டு முறை விழுந்திருந்தது. ‘இஃப்’புக்கு அடைப்புக்குறி போடவில்லை, அதனால் இரண்டாவது வரி எப்போதும் ஓடி, கையொப்பத்தைச் சரிபார்க்கும் பகுதியைத் தாண்டிக் குதித்தது. உடனே எல்லாரும் ‘கோட்டூ’வைப் பிடித்துக்கொண்டார்கள், ‘கோட்டூ’ கெடுதல் என்று 1968-இலேயே கணினி விஞ்ஞானி டைக்ஸ்ட்ரா சொன்னாரே என்று. அந்த இடத்தில் ‘ரிட்டர்ன்’ இரண்டு முறை விழுந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். போலிக் கையொப்பம் ஒன்றைக் கொடுத்து ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கும் ஒரு டெஸ்ட் இருந்திருந்தால் மாட்டியிருக்கும்.

மேக்ஃபைலில் டேப்புக்குப் பதில் ஸ்பேஸ் போட்டுவிட்டு அழுவது

புரோகிராமைக் கட்டித்தரும் ‘மேக்’ கருவி, கட்டளை வரியின் தொடக்கத்தில் டேப்தான் கேட்கும், 1976-லிருந்து அப்படித்தான். ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் பெல் லேபில் அதை எழுதிய சில வாரத்திலேயே மாற்ற நினைத்தாராம், அதற்குள் ஒரு டஜன் பேர் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டதால் அவர்களுக்கு எதற்குத் தொந்தரவு என்று விட்டுவிட்டார். டேப் போடுங்கள்.

அந்த மூன்று செகண்ட் தூக்கத்தை எடுக்க நான் விடவில்லை. பையன்களுக்கு என் மேல் வருத்தம். அது எதற்கு என்று எனக்கும் தெரியாது. எழுதியவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார், நம்பர் வாங்கி வைத்திருக்கிறேன். அவர் ஆபீஸ் விட ஏழு மணி ஆகுமாம். அதற்கப்புறம் கூப்பிட வேண்டும்.