பழைய இபிஏபிஎக்ஸில் நம்பர் வரவில்லையா? முதலில் ஒரு சாதாரண போனை மாட்டுங்கள்

பழைய இபிஏபிஎக்ஸை (வெளி லைன்களை அலுவலகத்தின் எக்ஸ்டென்ஷன்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் போன் பெட்டி) வைத்துக்கொண்டே இணைய லைனுக்கு மாறிய அலுவலகங்களிலிருந்து எனக்கு அடிக்கடி வரும் புகார் இதுதான்: "சார், பேச்சு தெளிவா கேக்குது. ஆனா யார் கூப்பிடுறாங்கன்னு நம்பரே வரல." கையோடு பழியை இணையத்தின் மேல் போடுவார்கள். வேகம் போதவில்லை, கோடெக் (பேச்சைச் சுருக்கி அனுப்பும் முறை) சரியில்லை என்பார்கள். காலர் ஐடி விஷயத்தில் அது அநேகமாகத் தப்பு.

ஏனென்றால் நம்பர் இணையத்தில் சத்தமாக வருவதில்லை. எஸ்ஐபி என்ற இணைய அழைப்பு முறையில் அழைப்பைத் தொடங்கும் 'இன்வைட்' செய்தியில் எழுத்தாகவே வந்து சேர்கிறது. அதை வாங்கி, பழைய பெட்டிக்குப் புரிகிற மோடம் சத்தமாக மாற்றுவது உங்கள் ரௌட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஏடிஏ அடாப்டர்தான். அந்தச் சத்தம் போக வேண்டியது அடாப்டரிலிருந்து இபிஏபிஎக்ஸ் வரை, சில அடி ஒயர். நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை அந்தச் சில அடிக்குள்தான் இருந்தன.

என் பையில் எப்போதும் டிஸ்பிளே உள்ள பழைய மேசை போன் ஒன்று இருக்கும். அடாப்டரின் போன் போர்ட்டிலிருந்து இபிஏபிஎக்ஸுக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டு இதை மாட்டுங்கள். மொபைலிலிருந்து அழையுங்கள். எடுக்காமல் மூன்று முறை மணி அடிக்க விடுங்கள். நம்பர் தெரிந்தால் அடாப்டர் வரை எல்லாம் சரி, இனி இபிஏபிஎக்ஸைப் பார்க்கலாம். தெரியாவிட்டால் இபிஏபிஎக்ஸின் புரோகிராமிங்கைத் தொடவே தொடாதீர்கள். (டிஸ்பிளேக்கு பேட்டரி கேட்கும் போன் என்றால் முதலில் அதைப் பாருங்கள். பேட்டரி தீர்ந்தது தெரியாமல் அரை மணி நேரம் ஒரு அடாப்டரைத் திட்டியிருக்கிறேன்.)

போனிலேயே வரவில்லை என்றால் அடாப்டரின் பதிவை (லாக்) திறந்து, இன்வைட்டில் ஃப்ரம் என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். அங்கே 'அனானிமஸ்' என்று இருந்தால் அழைத்தவர் நம்பரை மறைத்திருக்கிறார், அல்லது சேவை தருபவர் மறைக்கிறார். சில சேவைகள் உண்மையான நம்பரை பி-அசர்ட்டட்-ஐடென்டிட்டி என்ற இன்னொரு வரியில் அனுப்பும். எந்த வரியைப் படிக்க வேண்டும் என்று சொல்லும் வசதி உங்கள் அடாப்டரில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

இன்வைட்டில் நம்பர் இருந்தும் போனில் வரவில்லை என்றால் அடாப்டர் நம்பரை அனுப்பும் முறை பொருந்தவில்லை. வட அமெரிக்க முறையில் முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவே, பெல் 202 என்ற எஃப்எஸ்கே (இரண்டு தொனிகளை மாற்றி மாற்றி அனுப்பும்) சத்தமாக நம்பர் போகும். 1200, 2200 ஹெர்ட்ஸ் என இரண்டு தொனிகள். வி.23 என்ற இன்னொரு எஃப்எஸ்கே வகை என்றால் 1300, 2100. பிரிட்டனில் மணி அடிப்பதற்கு முன்பே லைனின் துருவம் மாறி, அப்புறம் நம்பர் போகும். வேறு சில இடங்களில் பட்டன் அழுத்துகிற அதே டிடிஎம்எஃப் தொனிகள்தான். அடாப்டரில் இதற்கு 'காலர் ஐடி ஸ்கீம்' அல்லது 'மெத்தட்' என்று ஒரு பட்டியல் இருக்கும். நீங்கள் இருக்கும் நாட்டைப் பார்த்து அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள், இபிஏபிஎக்ஸ் எந்த நாட்டுக்காகச் செய்யப்பட்டதோ அதைப் பாருங்கள். சோதிக்கும் போனும் அதே முறையைப் படிப்பதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது பொய்ச் சாட்சி சொல்லும்.

போனில் வருகிறது, இபிஏபிஎக்ஸில் வரவில்லை என்பதுதான் சுவாரசியமான கேஸ். முதலில் ட்ரங்க் கார்டை (வெளி லைன்கள் வந்து சேரும் கார்டு) திறந்து பாருங்கள். பல பழைய பெட்டிகளில் காலர் ஐடி தனிக் கார்டு. அது இல்லையென்றால் எந்த செட்டிங்கும் உதவாது. அடுத்து ஆட்டோ அட்டெண்டன்ட், அதாவது அழைப்பைத் தானாக எடுத்துப் பேசும் குரல். அது முதல் மணியிலேயே எடுத்துவிட்டால் நம்பர் வர நேரமே இருக்காது, இரண்டு முறை மணி அடித்த பிறகு எடுக்கும்படி மாற்றுங்கள்.

ஒரு அலுவலகத்தில் இது இரண்டும் சரியாகத்தான் இருந்தன. நான்கு லைனில் மூன்றாவது மட்டும் ஊமை. லைனைச் சோதிக்கும் டெஸ்ட் செட்டை, அழைப்பை எடுக்காமல் கேட்க மட்டும் செய்யும் மானிட்டர் நிலையில் வைத்து லைனில் கிளிப் மாட்டிக் கேட்டேன். மணி, உடனே ஒரு நொடிகூட நிற்காத 'க்ர்ர்ஷ்', மறுபடி மணி. சத்தம் ஒழுங்காகப் போகிறது. ஆனால் ஆபரேட்டர் மேசையில் அந்த லைனின் விளக்கு இரண்டாவது மணிக்குத்தான் மினுக்கியது! முதல் மணி அடித்ததே பெட்டிக்குத் தெரியவில்லை. அது காதைத் திறப்பதற்குள் நம்பர் போய்விட்டது. ஒயரைத் தொடர்ந்து போனால், அதே லைனில் யாரோ ஒரு ஃபேக்ஸ் மெஷினைச் சேர்த்து மாட்டியிருந்தார்கள், மணியின் வோல்டேஜ் அங்கே பங்கு போய்க்கொண்டிருந்தது. ஃபேக்ஸைக் கழற்றினேன். அடாப்டரில் மணியின் அலை வடிவத்தை டிரப்பிசாய்டிலிருந்து (சரிவக வடிவம்) சைன் அலைக்கு மாற்றி, ரிங் வோல்டேஜையும் கொஞ்சம் ஏற்றினேன். அடுத்த அழைப்பில் முதல் மணிக்கே விளக்கு எரிந்தது, நம்பரும் வந்தது.

ஒயர் குட்டையாக இருக்கும்போது இதற்கு நேர் எதிரான தொல்லையும் உண்டு. சத்தம் அளவுக்கு மீறிப் போய்ச் சிதையும். போர்ட்டின் அவுட்புட் கெயினை (வெளியே போகும் சத்த அளவை) 3 டெசிபல் குறைத்துப் பாருங்கள். அந்த லைனுக்கென்று வித்தியாசமாக அடிக்கும் தனி மணி அமைத்திருந்தால் சாதாரண மணிக்கு மாற்றுங்கள். நெருக்கமான மணிகளுக்கு நடுவே நம்பருக்கு இடம் போதாது.

சில நம்பர்கள் மட்டும் வரவில்லை என்றால் முன்னால் + குறி இருக்கிறதா பாருங்கள். சில பெட்டிகள் அதைக் கண்டதும் முழு நம்பரையும் தூக்கிப் போட்டுவிடும், டிடிஎம்எஃப் முறையிலோ + என்ற தொனியே கிடையாது. சேவை தருபவரிடம் அதை எடுத்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். பெயர் இருக்கும் இடத்தில் குப்பை எழுத்துகள் வந்தால், அந்தப் பெயர் ஆங்கில எழுத்தில் இல்லாமல் வருகிறது என்று அர்த்தம். இந்தப் பெட்டிகளுக்கு வேறு எழுத்து தெரியாது.

ஆபரேட்டருக்கு வருகிறது, மற்றவர்களுக்கு வரவில்லை என்றால் அது லைன் கோளாறே இல்லை. சாதாரண போன் மாட்டிய எக்ஸ்டென்ஷனுக்கு நம்பரை அனுப்ப, எக்ஸ்டென்ஷன் கார்டிலும் அந்த வசதி இருக்க வேண்டும். அழைப்பை மாற்றிக் கொடுத்தால் பல பெட்டிகளில் ஆபரேட்டரின் எக்ஸ்டென்ஷன் நம்பர்தான் தெரியும், அது அப்படித்தான்.

எல்லாம் சரியான பிறகு ஒருவர் கூப்பிட்டு, "சார், நம்பர் வருது, ஆனா ஒவ்வொரு கால் வரும்போதும் போன்ல டைம் தப்பாகுது" என்பார். எஃப்எஸ்கே முறையில் நம்பரோடு மாதம், தேதி, மணி, நிமிடம் எல்லாம் 8 இலக்கமாகப் போகிறது. பல போன்கள் அதை வைத்தே கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும். அடாப்டரில் என்டிபி (சரியான நேரம் தரும்) சர்வரையும் நேர மண்டலத்தையும் சரியாகப் போட்டுவிடுங்கள்.