மூக்குத் துளைகளைச் சமப்படுத்தும் அறுவை சிகிச்சை: துளையை மட்டும் பார்ப்பதால் நேரும் தவறுகள்

மூக்கின் இரு துளைகளும் ஒன்றுபோல இல்லை என்ற கவலையோடு மருத்துவரிடம் செல்பவர்களில் பலர், துளையைத்தான் சரிசெய்ய வேண்டும் என்று முன்பே முடிவு செய்துகொண்டு செல்கிறார்கள். முதல் தவறும் பெரிய தவறும் அதுவே. துளை என்பது தனி உறுப்பு அன்று. நடுவில் நிற்கும் குருத்தெலும்புச் சுவர், நுனியைத் தாங்கும் வளைந்த குருத்தெலும்புகள், பக்கவாட்டு மடல், அடியில் இருக்கும் மேல்தாடை எலும்பு ஆகியவற்றுக்கு இடையே எஞ்சும் வெளிதான் அது. இவற்றில் எது இடம் மாறினாலும் துளையின் வடிவம் மாறும். நிலை சாய்ந்த வாசலில் கதவைச் செதுக்கிக்கொண்டிருந்தால் கதவுதான் சிறுத்துப் போகும்.

அந்த நடுச்சுவரை நம் பக்கத்தில் மூக்குத்தண்டு என்பார்கள். ‘தண்டு வளைந்திருக்கிறது’ என்று காது மூக்கு தொண்டை மருத்துவர் சொல்வது இதைத்தான். தண்டின் முன்முனை ஒரு பக்கமாக நகர்ந்துவிட்டால் அந்தப் பக்கத் துளை ஒடுங்கி, மறுபக்கத் துளை அகன்று தெரியும். இதைக் கவனிக்காமல், அகன்ற பக்கத்து மடலின் அடியில் சிறு ஆப்பு வடிவில் தோலை வெட்டி எடுத்துத் தைத்தால், வெளிப்பார்வைக்குச் சில மாதங்கள் சமமாகத் தோன்றலாம். உள்ளேயோ முன்பு ஒரு பக்கம் மட்டும் குறுகியிருந்த மூச்சுவழி இப்போது இரு பக்கமும் குறுகிவிடும். வெட்டி எடுத்த மடலைத் திரும்ப வைப்பது மிகக் கடினம். தண்டு வளைவே காரணமாக இருப்பவருக்குத் தேவைப்படுவது, தண்டை நேராக்கி, வேண்டிய இடத்தில் தண்டிலிருந்தோ காதிலிருந்தோ விலா எலும்பின் முனையிலிருந்தோ எடுத்த குருத்தெலும்பைத் தாங்கலாக வைத்து, மூச்சையும் வடிவத்தையும் ஒரே முறையில் சீர்செய்யும் அறுவை சிகிச்சை. மடலைக் குறைப்பது தேவைப்பட்டால்கூட, அது கடைசிப் படியாகவே வர வேண்டும்.

இதை நான் வலியுறுத்துவதற்கு வீட்டில் நடந்த ஒன்றே காரணம். கிருஷ்ணகிரி அருகே தை மாதம் நடந்த எருது விடும் விழாவில் என் அக்காள் மகனுக்கு மூக்கில் அடிபட்டது. இரத்தம் நின்றுவிட்டது, வீக்கம் தானாக வடியும் என்று ஒத்தடம் கொடுத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தோம். முறிந்த மூக்கெலும்பைப் பெரிய அறுவையின்றி இடத்தில் பொருத்துவதற்கு ஏறக்குறைய இரண்டு வாரமே அவகாசம் உண்டு, சிறுவர்களுக்கு அதைவிடக் குறைவு என்பது எங்களுக்குத் தெரியாது. அதைவிட அவசரமான நிலையும் ஒன்று உண்டு: அடிபட்டபின் தண்டின் மேல் இரத்தம் தேங்கி மூக்கு இரு பக்கமும் அடைத்துக்கொண்டால், இரத்த ஓட்டம் தடைபட்டுச் சில நாட்களுக்குள் குருத்தெலும்பு அழிந்து, மூக்கின் முதுகு பள்ளமாகிவிடக்கூடும். அவனுக்கு அவ்வளவு நேரவில்லை என்பது எங்கள் பாக்கியம். ஆனால் வீக்கம் வடிந்தபோது இடது துளை பிளவுபோல ஒடுங்கியிருந்தது. முதலில் சென்ற இடத்தில் உள்ளே விளக்கடித்துக்கூடப் பார்க்காமல், வலது மடலைக் குறைத்தால் போதும் என்று தேதியும் குறித்துவிட்டார்கள். இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் எண்டோஸ்கோப் வைத்துப் பார்த்து, தண்டு அடித்தளத்திலிருந்தே இடப்பக்கம் விலகியிருப்பதைக் காட்டினார். முதல் தேதியை நாங்கள் ஏற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

ஆகவே, கட்டணம் பேசுவதற்கு முன் உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். இதற்காக எடுத்த எடுப்பிலேயே பெங்களூருக்கோ சென்னைக்கோ ஓட வேண்டியதில்லை. தருமபுரியில் 2008 முதலும் கிருஷ்ணகிரியில் 2022 முதலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இயங்குகின்றன. காது மூக்கு தொண்டைப் பிரிவில் முதல் பரிசோதனையைச் செய்துகொண்டு, காரணம் எது என்று தெரிந்துகொண்ட பிறகு வெளியூர் செல்வது பற்றி யோசிக்கலாம். பரிசோதனையின்போது, எந்தப் பக்கம் எப்போதும் அடைக்கிறது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை அடைப்பு பக்கம் மாறுவது பெரும்பாலோருக்கு இயல்பாக நடப்பது. அதை நோயென்று கொள்ள வேண்டாம்.

அளவுக்கு மீறிய கவலைக்குக் கைப்பேசியும் ஒரு காரணம். முகத்துக்கு 12 அங்குலத் தொலைவில் எடுக்கும் செல்ஃபியில், 5 அடியிலிருந்து எடுத்த படத்தைவிட மூக்கின் அடிப்பகுதி ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டுக் காட்டியது. தலை சற்றே திரும்பினாலும் ஒரு துளை பெரிதாகத் தோன்றும். முழுச் சமச்சீரான முகம் யாருக்கும் இல்லை. எதிரே நின்று பேசுபவருக்குத் தெரியாத வேறுபாட்டை நினைத்து நாள் முழுவதும் கண்ணாடி முன் நிற்பவருக்கும், வெளியே வரவே கூசுபவருக்கும் முதலில் மனநல மருத்துவரின் உதவி தேவை. அத்தகையவர்களுக்கு அறுவை பெரும்பாலும் நிறைவைத் தருவதில்லை.

பிறவியிலேயே உதட்டுப் பிளவு இருந்து, குழந்தைப் பருவத்தில் உதடு தைக்கப்பட்டவர்களுக்கு அந்தப் பக்கத்து மடல் தட்டையாகிக் கீழிறங்கியிருப்பது வழக்கம். ‘உதடு சேர்ந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது’ என்று குடும்பங்கள் விட்டுவிடுவது வருத்தத்துக்குரியது. உதட்டை வழக்கமாக 3 முதல் 6 மாத வயதில் தைக்கிறார்கள். மூக்கின் இறுதிச் சீரமைப்பை முகவளர்ச்சி முடிந்த பிறகு செய்கிறார்கள். பிறப்பு முதல் 18 வயது வரை பரிசோதிக்கும் தேசியச் சிறார் நலத் திட்டத்தில் உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் அடங்கும் என்பதால், பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் பெற்றோர் தயங்காமல் கேட்க வேண்டும். பொதுவாக, அழகுக்கான மூக்கறுவையைப் பெண்களுக்கு 15, 16 வயதுக்கு முன்பும் ஆண்களுக்கு 17, 18 வயதுக்கு முன்பும் செய்ய மாட்டார்கள்.

ஊசியால் ஒரே நாளில் சமமாக்கித் தருகிறோம் என்ற விளம்பரங்களை நம்பாதீர்கள். தோலுக்கடியில் மருந்தை நிரப்பி வடிவத்தை மாற்றும் ஃபில்லர் ஊசிக்கு மூக்கு மிக ஆபத்தான இடங்களுள் ஒன்று. மருந்து இரத்தக் குழாய்க்குள் சென்று அடைத்தால் தோல் அழுகலாம். கண்பார்வையே போன நேர்வுகளும் மருத்துவ உலகில் பதிவாகியுள்ளன. அறுவை செய்பவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது காது மூக்கு தொண்டையில் எம்.எஸ். போன்ற பட்டம் பெற்றவரா, மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவரா, அறுவைக்கு முன்னும் பின்னும் தலையை அண்ணாந்து வைத்துக் கீழிருந்து எடுத்த படங்களைக் காட்டுகிறாரா என்று பாருங்கள். துளைகளின் வேறுபாடு தெரிவது அந்தக் கோணத்தில்தான். நேர்ப்படத்தை மட்டும் காட்டுபவரிடம் இதைக் கேட்டுப் பெறுவதில் தயக்கம் வேண்டாம்.

காப்பீட்டிலும் ஒரு தவறு நடக்கிறது. அழகுக்காகச் செய்யும் அறுவையைப் பாலிசிகள் பொதுவாக ஏற்பதில்லை. விபத்தால் நேர்ந்த சிதைவைச் சீரமைப்பதற்கு அந்தத் தடை இல்லை. மூச்சுத்தடை, விபத்து விவரம் ஆகியவை உண்மையாக இருந்தும் முதல் மருத்துவச் சீட்டிலேயே எழுதப்படாமல் போவதால், பின்னர் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.

பங்குனியில் அறுவை, வைகாசியில் திருமணம் என்று திட்டமிடுவோர் ஏமாந்து போவார்கள். கண்ணைச் சுற்றிய கன்றல் இரண்டு வாரத்தில் மறைந்துவிடும். ஆனால் நுனியின் வீக்கம் முழுதும் வடிய ஓராண்டு வரை ஆகும், அதுவும் இரு பக்கமும் ஒரே வேகத்தில் வடியாது. மூன்றாம் மாதத்தில் மறுபடியும் சமமில்லையே என்று பதறி இரண்டாம் அறுவைக்கு அவசரப்படக் கூடாது. குறைந்தது ஓராண்டு பொறுத்தே அதை முடிவு செய்வார்கள்.

வெளியூரில் அறுவை செய்துகொண்டு மறுநாளே ஊர் திரும்புபவர்கள், இரவில் இரத்தம் கசிந்தால் உள்ளூரில் யாரிடம் செல்வது என்பதை அறுவைக்கு முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். புகைப்பதை நான்கு வாரத்துக்கு முன்பே விட வேண்டும். சாப்பிடும் நாட்டு மருந்துகளையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், ஏனெனில் சில இரத்தம் உறைவதைக் குறைக்கும். ஆனால் இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர் அதைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. அறுவைக்குப் பின் மூக்கைச் சிந்தாமல், தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். மூக்கின் மேல் அழுத்தும் கண்ணாடியையும், கழற்றும்போது மூக்கில் உரசும் முழுமுகத் தலைக்கவசத்தையும் சில வாரங்களுக்குத் தவிர்க்க வேண்டும். தலைக்கவசம் இல்லாமல் வண்டி ஓட்டுவது அதற்கு மாற்று அன்று, அந்நாட்களில் பேருந்தில் செல்லுங்கள். கிரானைட் குவாரித் தூசியில் வேலை செய்பவர்கள் எப்போது பணிக்குத் திரும்பலாம் என்பதை மருத்துவரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். காது குத்திய இடத்தில் தழும்பு தடித்து வளர்ந்த அனுபவம் இருந்தால் அதைக் கட்டாயம் தெரிவியுங்கள். மடலில் வெட்டும் முடிவையே அது மாற்றக்கூடும். மூக்குத்தி அணிபவர்கள் அதை அறுவைக்கு முன் கழற்ற வேண்டியிருக்கும், மூக்குத்திக்காகக் குத்திய துளையும் தூர்ந்துபோகலாம். மறுபடியும் எப்போது, எந்த இடத்தில் குத்தலாம் என்பதைத் தட்டாரிடம் கேட்பதற்கு முன் அறுவை செய்தவரிடம் கேளுங்கள்.