உள்ளே கை போகாத கிட்டார்: கையைக் கடிக்காத விலையில் செமி ஹாலோ வாங்குவது எப்படி?

கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாண வரவேற்பு. சவுண்ட் செக் முடிந்துவிட்டது, பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையேற இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. கேபிளைச் சொருகினேன். ‘டொக்’ என்று ஒரு சத்தம். கேபிள் சொருகும் ஜாக்கைப் பிடித்திருந்த நட்டு கழன்று, ஜாக் மொத்தமாகக் கிட்டாரின் வயிற்றுக்குள் விழுந்துவிட்டது.

உடம்பு முழுக்கக் கெட்டி மரமான சாதாரண சாலிட் பாடி எலக்ட்ரிக் கிட்டார் என்றால் இரண்டு திருகைக் கழற்றி ஐந்து நிமிடத்தில் சரிசெய்திருப்பேன். என்னுடையது செமி ஹாலோ, அதாவது உடம்பு பாதி உள்ளீடற்ற எலக்ட்ரிக் கிட்டார். பின்பக்கம் மூடியே கிடையாது. உள்ளே போக வழி என்றால் முன்னால் இருக்கும் எஃப் வடிவத் துளைகள்தான், அதில் இரண்டு விரல் நுழைவதே பெரும்பாடு. மேடைக்குப் பூ கட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் ஒரு முழம் நூல் வாங்கினேன். கிட்டாரைக் குலுக்கிக் குலுக்கி ஜாக்கைத் துளையருகே வரவழைத்து, விரல் நுனியால் வெளியே இழுத்தேன். ஜாக் இருந்த ஓட்டை வழியாக நூலை உள்ளே விட்டு, எஃப் துளையில் பிடித்து, ஜாக்கின் குழாய்க்குள் நுழைத்து, முனையில் பாதித் தீக்குச்சியைக் குறுக்கே கட்டினேன். அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாக இழுத்ததும் ஜாக் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தது. நட்டை நூலில் கோத்து இறக்கித் திருகும்போது மாப்பிள்ளையின் கார் வந்துவிட்டது.

புதிதாக இந்த வகைக் கிட்டார் வாங்க நினைக்கிற தம்பி தங்கைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, “எந்த பிராண்டுண்ணா நல்லது?” என்பதுதான். நான் அங்கிருந்து தொடங்குவதில்லை. இதில் கோளாறு வந்தால் உள்ளே கை போகாது. அதனால் காசு கொடுப்பதற்கு முன்பே வெளியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில்: உங்களுக்கு இது தேவையா?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பாதிப்பேர் வாடகை வீட்டு மாடி போர்ஷனில் இருக்கிறோம். அகூஸ்டிக் கிட்டாரை இரவு பத்து மணிக்கு வாசித்தால் கீழ்வீட்டு ஓனர் காலையில் விசாரிப்பார். சாலிட் பாடியை ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கும் ஸ்பீக்கர் பெட்டி) இல்லாமல் வாசித்தால் கொசு ரீங்காரம் மாதிரி இருக்கும். செமி ஹாலோ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கரண்ட் போனாலும், ஆம்ப் இல்லாவிட்டாலும், நமக்கு மட்டும் கேட்கிற அளவுக்குச் சத்தம் வரும். எனக்கு இந்த வகை பிடித்துப்போனதற்கு முதல் காரணம் இதுதான். ஜாஸ், ப்ளூஸ் எல்லாம் அப்புறம் வந்தவை.

சர்ச்சில் பாடல்களுக்கு வாசிப்பவர்கள், மெல்லிசைக் கச்சேரியில் பழைய பாடல்களுக்கு வாசிப்பவர்கள் ஆகியோருக்கும் இது நன்றாகப் பொருந்தும். ஹெவி மெட்டல்தான் உயிர் என்றால் இதை விட்டுவிடுங்கள். ஏன் என்று அடுத்த பகுதியில் தெரியும்.

வயிற்றுக்குள் என்ன இருக்கிறது?

மூன்று வகை இருக்கிறது. முழு ஹாலோவில் உள்ளே காற்று மட்டும்தான், நம் வீணையின் குடம் மாதிரி. செமி ஹாலோவில் இரண்டு பக்கமும் வெற்றிடம், நடுவில் கழுத்திலிருந்து அடிவரை ஒரு மரக்கட்டை ஓடும். அதற்குப் பெயர் சென்டர் பிளாக். மூன்றாவது வகையில் கெட்டி மரத்தைக் குடைந்து அறை அறையாக விட்டிருப்பார்கள். 1968-இல் வந்த ஃபெண்டர் டெலிகாஸ்டர் தின்லைன் இந்த ரகம்.

அந்த நடுக்கட்டை ஏன் வந்தது என்பது தெரிந்தால் எதை வாங்குவது என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும். மேல்பலகை மெல்லிசாக இருப்பதால் ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தமே அதை அதிர வைக்கும். அந்த அதிர்வு கம்பிக்குப் போய், பிக்கப்பில் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தத்தில்) ஏறி, ஆம்ப் வழியாக இன்னும் பெரிதாகத் திரும்பி வரும். இப்படிச் சுற்றிச் சுற்றிக் கடைசியில் ‘ஊ...’ என்று ஊளையிடும். நம் மைக்செட்காரர்கள் ‘ஃபீட்பேக் அடிக்குது’ என்பது இதைத்தான். ஹெவி மெட்டல் மாதிரி சத்தத்தை ஏற்றி வாசித்தால் இது இன்னும் சீக்கிரம் வரும். இதை அடக்கத்தான் கிப்சன் நிறுவனம் 1958-இல் நடுவில் மேப்பிள் மரக்கட்டை வைத்த இ.எஸ்.335 மாடலைக் கொண்டுவந்தது. இன்று கிடைக்கும் மலிவு செமி ஹாலோக்களில் பெரும்பாலானவை அதன் பேரப்பிள்ளைகள். ப்ளூஸ் கலைஞர் பி.பி.கிங் கிட்டாரின் எஃப் துளைகளில் துணியை அடைத்து வாசித்திருக்கிறார். பின்னால் அவர் பெயரில் வந்த ‘லூசில்’ மாடலில் அந்தத் துளைகளையே எடுத்துவிட்டார்கள்.

முதல் கிட்டார் வாங்குகிறவர்களுக்கு என் சிபாரிசு நடுக்கட்டை உள்ள செமி ஹாலோதான். முழு ஹாலோவின் குரல் அழகு, மறுக்கவில்லை. ஆனால் நம் ஊர் மேடையில் டிரம்ஸ் ஒரு பக்கம், ஆளுயர ஸ்பீக்கர் ஒரு பக்கம் என்று நெருக்கி நிற்க வேண்டியிருக்கும். அதற்கு அது தாங்காது.

டார்ச் சோதனை

வெளித்தோற்றத்தை நம்பாதீர்கள். எபிஃபோன் கசினோவும் 335 வகையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் 1961-இல் வந்த கசினோ முழு ஹாலோ, உள்ளே நடுக்கட்டை கிடையாது. பீட்டில்ஸ் வாசித்தார்களே என்று ஆசைப்பட்டு அதை வாங்கிவிட்டு, மேடையில் ஊளையோடு மல்லுக்கட்டுகிறவர்கள் உண்டு.

போன் டார்ச்சைப் போட்டு ஒரு எஃப் துளையின் மேல் வையுங்கள். எதிர்ப்பக்கத் துளையில் வெளிச்சம் தாராளமாகத் தெரிந்தால் முழு ஹாலோ. துளைக்குள் எட்டிப் பார்க்கும்போது நடுவில் மரச்சுவர் மறைத்தால் செமி. அப்படியே உள்ளே பசை வழிந்திருக்கிறதா, ஏதாவது பட்டை விட்டுப்போய் நிற்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.

கடையில் ஒருவர், “இது பிளைவுட் தம்பி, வேண்டாம்” என்று பயமுறுத்தலாம். பயப்பட வேண்டாம். அசல் 335-இன் உடம்பே மேப்பிள் தாள்களை ஒட்டிச் செய்ததுதான். ஏப்ரல் வெயிலில் வறண்டு, ஐப்பசி மழையில் ஊறுகிற நம் ஊருக்கு ஒட்டுப்பலகை நல்லதும்கூட.

பணத்தை எப்படிப் பிரிப்பது?

கையில் இருப்பது முழுவதையும் கிட்டாருக்கே கொடுத்துவிடாதீர்கள். 40,000 ரூபாய் வைத்திருந்தால் 6,000 முதல் 8,000 வரை தனியே எடுத்து வையுங்கள். புதுக் கம்பி, ஒரு நல்ல செட்டப் (கம்பி உயரம், சுருதி எல்லாம் சரிசெய்து தருவது), சரியான அளவுப் பை எல்லாம் அதில் வரவேண்டும். பை என்றதும் அலட்சியம் வேண்டாம். இந்தக் கிட்டார்களின் அகலம் சுமார் 40 செ.மீ. இருக்கும், சாதாரண எலக்ட்ரிக் கிட்டார் பையில் நுழையாது. ஆம்ப் இல்லையென்றால் அதற்கும் ஒதுக்க வேண்டும். வீட்டுக்குச் சின்ன பிராக்டிஸ் ஆம்ப் போதும்.

எந்த மாடல்?

விலை அடிக்கடி மாறுவதால் எண்ணை எழுதவில்லை, பெயர்களை மட்டும் சொல்கிறேன்.

இபனெஸ் நிறுவனத்தின் ஆர்ட்கோர் வரிசைதான் நம் பட்ஜெட்டில் முதலில் தேட வேண்டியது. பெயரிலேயே குறிப்பு இருக்கிறது. ஏ.எஸ். என்று தொடங்கினால் செமி ஹாலோ, ஏ.எஃப். என்றால் முழு ஹாலோ, ஏ.எம். என்றால் சின்ன உடம்புள்ள செமி ஹாலோ. ஏ.எஸ்.53, ஏ.எஸ்.73 இரண்டும் ஆரம்பக்காரர்கள் நிறைய வாங்குபவை. என்னுடையது 73. பெரிய உடம்பைக் கட்டிப்பிடித்து வாசிக்கச் சிரமப்படுகிறவர்கள் ஏ.எம். வரிசையைத் தேடுங்கள்.

ஸ்குவையர் அஃபினிட்டி ஸ்டார்காஸ்டரிலும் நடுக்கட்டை உண்டு. கழுத்து திருகில் நிற்கிறது, பசையில் அல்ல. கழுத்தின் சாய்வைச் சரிசெய்ய வேண்டி வந்தால் கழற்றலாம் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். கிரெட்ஷ் ஸ்ட்ரீம்லைனரில் ஜி2622 நடுக்கட்டை உள்ளது, ஜி2420 முழு ஹாலோ. கடையில் இரண்டும் ஒன்றாகத் தொங்கும், மாற்றி எடுத்துவிடாதீர்கள். எபிஃபோனில் பழைய டாட் மாடல் செகண்ட் ஹேண்டில் வந்தால் போய்ப் பாருங்கள்.

உள்ளே கை போகாத கவலையே வேண்டாம் என்பவர்களுக்கு ஸ்குவையரின் தின்லைன் சரி. முன்பக்கத் தகட்டின் திருகுகளைக் கழற்றினால் வயரிங் கைக்கு வந்துவிடும்.

யூடியூபில் ஹார்லி பென்டன் பார்த்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. அது தோமன் என்ற ஜெர்மனிக் கடையின் சொந்த பிராண்டு. அனுப்பும் செலவு, சுங்கம் எல்லாம் சேர்ந்தால் மலிவு என்ற பேச்சே காணாமல் போய்விடும்.

கடையில் செய்ய வேண்டியவை

நமக்குப் பெங்களூரு பக்கம். கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர், ஓசூர் பஸ் பிடித்தால்கூட மாறிப் போய்விடலாம். சனி, ஞாயிறு வேண்டாம். கூட்டத்தில் யாரோ ஒருவர் பக்கத்தில் டிரம்ஸை அடித்துக்கொண்டிருப்பார். வாரநாள் காலையில் போனால் நிதானமாகப் பார்க்க விடுவார்கள்.

கிட்டாரைக் கையில் வாங்கியதும் ஆம்பில் சொருகாதீர்கள். மாம்பழம் வாங்கும்போது காம்படியை முகர்ந்து பார்க்காமல் பையில் போடுவோமா? முதலில் வெறுமனே வாசியுங்கள். மேல்பலகையையும் பின்பலகையையும் விரல் முட்டியால் மெல்லத் தட்டுங்கள், பானையைத் தட்டுவது மாதிரி. ‘கிர்ர்’ என்று ஏதாவது அதிர்ந்தால் உள்ளே எதுவோ தளர்ந்திருக்கிறது. பிறகு ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்) அழுத்தி வாசியுங்கள். சுமார் 130 சுரம் வரும், பத்து நிமிடம் ஆகும். கடைக்காரர் முறைத்தால் சிரித்து வையுங்கள். எங்காவது கம்பி இரைந்தாலோ சுரம் செத்தாலோ அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓரிரு இடத்தில் லேசான இரைச்சல் செட்டப்பில் போய்விடும். ஒரே பகுதியில் பல இடங்களில் செத்தால் அந்தக் கிட்டாரை வைத்துவிடுங்கள்.

அடுத்து, கம்பியின் உயரம். 12-ஆவது ஃப்ரெட்டில் தடித்த கம்பிக்குக் கீழே 2 மி.மீ., மெல்லிய கம்பிக்குக் கீழே ஒன்றரை மி.மீ. என்பது வசதியான அளவு. சட்டைப்பையில் ஒரு ஸ்டீல் ஸ்கேல் வைத்துக்கொள்ளுங்கள். போனில் டியூனர் ஆப்பைப் போட்டு, 12-ஆவது ஃப்ரெட்டின் மேல் கம்பியைத் தொட்டு எழுப்பும் ஹார்மானிக்கையும், அதே இடத்தில் அழுத்தி எழுப்பும் சுரத்தையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். கொஞ்சம் விலகினால் பிரிட்ஜில் (உடம்பின் மேல் கம்பிகளைத் தாங்கும் பகுதியில்) சரிசெய்யலாம்.

இப்போது ஆம்ப். இங்கேதான் நம் ‘உள்ளே கை போகாது’ விஷயம் வருகிறது. நாலு குமிழ்களையும் ஒவ்வொன்றாக முழுவதும் திருப்புங்கள், கரகர என்று வந்தால் கேளுங்கள், “இதைச் சரிசெய்து தருவீர்களா?” என்று. மூன்று நிலை சுவிட்சை வேகமாக மேலும் கீழும் தட்டுங்கள், நடுவில் சத்தம் அறுபடக் கூடாது. கேபிளைச் சொருகிய நிலையில் ஜாக்கை லேசாக ஆட்டுங்கள். இந்த மூன்றிலும் சந்தேகம் இருந்தால் வேறு ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்தபின் இதைச் சரிசெய்வது பாட்டிலுக்குள் கப்பல் கட்டுகிற வேலை. மெக்கானிக்கும் அதற்குத் தகுந்த கூலிதான் கேட்பார்.

கடைசியாக வால்யூமைக் கூட்டிவைத்து, ஆம்புக்கு எதிரே மூன்றடியில் நில்லுங்கள். ஊளையிடத் தொடங்கியதும் பக்கவாட்டில் திரும்புங்கள், நின்றுவிடும். எந்தக் கோணத்தில், எந்த அளவில் தொடங்குகிறது என்று உங்கள் காதுக்குத் தெரிந்துவிட்டால் மேடையில் எங்கே நிற்பது என்பதும் தெரிந்துவிடும்.

பழையது வாங்கினால்

மேலே சொன்ன எல்லாம் இதற்கும் உண்டு. கூடவே மூன்று இடம். தலைப்பகுதியும் கழுத்தும் சேரும் இடத்தின் பின்புறம் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று நகத்தை ஓட்டிப் பாருங்கள். கீழே விழுந்த கிட்டார் முதலில் உடைவது அங்கேதான். கழுத்தும் உடம்பும் சேரும் இடத்தில் பெயின்ட் கோடு விட்டிருக்கிறதா என்று பாருங்கள். முழு ஹாலோ என்றால் பிரிட்ஜுக்குக் கீழே மேல்பலகை பள்ளமாக அமுங்கியிருக்கிறதா என்று கண்ணைத் தாழ்த்திப் பக்கவாட்டில் பாருங்கள். அமுங்கியிருந்தால் எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

வீட்டுக்கு வந்தபின்

பஸ்ஸில் மேல்தட்டில் வைக்காதீர்கள். யாராவது ஒரு மூட்டையை அதன் மேல் வைப்பார்கள். காலுக்கு நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு வாருங்கள்.

கம்பி 10-46 செட் (மெல்லிய கம்பி 0.010 அங்குலம், தடித்தது 0.046 அங்குலம்) போதும். முழு ஹாலோ வாங்கியிருந்தால் 11 செட் போடலாம், குரல் கனக்கும். ஆனால் சில முழு ஹாலோக்களில் பிரிட்ஜ் திருகப்பட்டிருக்காது, கம்பியின் அழுத்தத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும். ஆறு கம்பிகளையும் ஒரே நேரத்தில் கழற்றினால் அது கையோடு வந்துவிடும், பழைய இடத்தைக் கண்டுபிடிக்கப் பாதி நாள் போகும். ஒரு கம்பியைக் கழற்றி மாட்டிவிட்டு அப்புறம் அடுத்ததைத் தொடுங்கள்.

முதல் வாரத்தில் ஜாக் நட்டை விரலால் திருகிப் பாருங்கள். ஆடினால் 12-ஆ 13-ஆ என்று பக்கத்து டூவீலர் மெக்கானிக் கடையில் ஸ்பேனர் வைத்துப் பார்த்து இறுக்குங்கள். இறுக்கும்போது பழைய கேபிள் ஒன்றின் பிளக்கை உள்ளே சொருகி, அதை இடது கையால் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நட்டோடு சேர்ந்து ஜாக்கும் உள்ளே சுற்றி வயரை முறுக்கி அறுத்துவிடும். அறுந்தால் பூ நூலும் தீக்குச்சியும் உதவாது, சால்டரிங் வேலைக்குப் பெங்களூரு பஸ்தான்.