வீட்டு லேத்தில் மாடல் விமானப் பாகங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் வீட்டில் மினி லேத் (சின்னக் கடைசல் இயந்திரம்) வைத்திருப்பவர்கள் இப்போது நிறையப் பேர். ஒயிட்ஃபீல்டில் வேலை, மாரத்தஹள்ளியில் ஃப்ளாட், பால்கனியை அடைத்து அதில் ஒரு லேத். ஞாயிற்றுக்கிழமைகளில் மர்ஃபி டவுனில் இருக்கும் என் பட்டறைக்குத் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் தாங்கள் கடைந்த பாகங்களை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு வருவார்கள். சக்கரம், ஓலியோ (சக்கரக் காலில் இருக்கும் அதிர்வு தாங்கி), பீரங்கிக் குழாய் முனை, ஜெட் வாய் வளையம் என்று ஒவ்வொன்றாக மேசையில் வைப்பார்கள். ஆரம்ப காலத்தில் நான் செய்த அதே தவறுகள் அதில் அப்படியே இருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கண்ணாடி போடுங்கள், சக்கின் (ராடைப் பிடித்துச் சுற்றும் பாகம்) சாவியை எடுத்துவிட்டு ஸ்விட்சைப் போடுங்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அது மெஷினோடு வரும் புத்தகத்திலேயே இருக்கிறது.

எல்லா அளவையும் ஒரே விகிதத்தில் சுருக்குவது

இங்கே பலருக்கும் முதல் ஆசை மாருத் போர் விமானம்தான். நம் ஊர் ஹெச்.ஏ.எல். (ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) நிறுவனத்தில் பிறந்து, 1961 ஜூன் 17 அன்று முதன்முதலாகப் பறந்த விமானம். ஆசை நியாயமானதுதான். 1/24 அளவில் செய்தால் 9 மீட்டர் இறக்கை அகலம் 375 மி.மீ. ஆகும். பெரிய அளவுகளுக்கு இந்தக் கணக்கு சரியாக வரும். சின்ன அளவுகளில்தான் சிக்கல். நிஜ விமானத்தில் 1 மி.மீ. தகடு இருந்தால் 1/24-இல் அது 0.04 மி.மீ., தலைமுடியைவிட மெல்லிசு. ஒரு எம்6 போல்ட்டின் அறுகோணத் தலை 10 மி.மீ.; அது 0.42 ஆகிவிடும். அந்த அளவில் அறுகோணமா வட்டமா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. வட்டமாகவே கடைந்துவிடுங்கள்.

தடிமனைப் பொறுத்தவரை, கண்ணுக்குத் தெரியும் விளிம்பை மட்டும் மெல்லிசாக்கினால் போதும். ஜெட் வாய் வளையத்தின் உதட்டை 0.2 மி.மீ.க்குக் கொண்டுவந்து, உள்ளே போகப்போகச் சரிவாகத் தடித்துக்கொண்டே போகவிடுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் தகடு போலவே இருக்கும், கையில் எடுத்தால் நசுங்காது.

பெயர் தெரியாத உலோகம்

பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும் அலுமினியத்தைக் கொண்டுவந்து கடைகிறார்கள். ஜன்னல் சட்டத்துக்குப் போகிற மாதிரியான மிருதுவான அலுமினியம் டூல் முனையில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது ஜாபின் (கடையும் துண்டின்) மேல் தேய்த்து, சொரசொரப்பாகத் தடம் போடும். பையன் வேகத்தைக் குறைத்துப் பார்ப்பான், கூட்டிப் பார்ப்பான், டூலை மாற்றிப் பார்ப்பான். கோளாறு டூலில் இல்லை, உலோகத்தில் இருக்கிறது.

எஸ்.பி. ரோட்டிலோ பீன்யா பக்கமோ போய், ஹெச்.ஈ.30 ராடு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அதுதான் 6082 என்ற அலுமினியக் கலவை. கடையும்போது இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டால் பளபளவென்று வரும். பித்தளையிலும் ஃப்ரீ கட்டிங் என்று சொல்லிக் கேட்க வேண்டும். அதில் ஈயம் கொஞ்சம் கலந்திருப்பதால் சுருள் நீளாமல் பொடிப்பொடியாக உதிரும். சின்னப் பாகங்களுக்கு என் முதல் தேர்வு எப்போதும் பித்தளைதான்.

வேலை முடிவதற்குள் ஜாபைச் சக்கிலிருந்து கழற்றுவது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். மற்ற தவறுகளில் ஒரு துண்டு உலோகம் போகும், அவ்வளவுதான். இதில் மாதக்கணக்கான வேலையும் கைக்காசும் போகின்றன. போன பிறகும் காரணம் என்னவென்று தெரிவதில்லை.

சேலத்துப் பையன் ஒருவன் மாருத் செய்துகொண்டிருந்தான். அதன் மூக்கில் 30 மி.மீ. ஏடன் பீரங்கிகள் நான்கு உண்டு. 1/24-இல் குழாயின் உள்விட்டம் 1.25 மி.மீ. வெளிவிட்டத்தை 1.85 என்று வைத்துக்கொண்டான். அப்படியென்றால் சுவர் 0.3. பித்தளை ராடில் வெளிப்பக்கத்தை அழகாகக் கடைந்து, துண்டாக அறுத்து எடுத்து, விமானத்தின் மூக்கில் வைத்துப் பொருந்துகிறதா என்று பார்த்திருக்கிறான். பொருந்தியது. திரும்பச் சக்கில் பிடித்து ஓட்டை போட்டான். ஓட்டை ஒரு பக்கமாக ஒதுங்கிப் போனது.

டிரில்தான் வளைந்திருக்கிறது என்று புது டிரில் செட் வாங்கினான். அப்படியேதான் வந்தது. லேத்தோடு வந்த சக் மட்டம் என்று யாரோ சொல்ல, விலை கூடிய சக் ஒன்றை வாங்கி மாட்டினான். அதன் பிறகுதான் என்னிடம் வந்தான்.

"அண்ணா, புது சக் போட்டும் ஓட்டை ஓரமாத்தான் போகுது."

"ஜாபை நடுவுல எத்தனை தடவை கழட்டுன?"

"ஒரே தடவைண்ணா. பொருந்துதான்னு பாக்க."

அந்த ஒரு தடவைதான் காரணம். சக்கில் எந்தக் கோளாறும் இல்லை. முதல் நாளே யாராவது இதைக் கேட்டிருந்தால் அவனுக்கு அந்தச் செலவே வந்திருக்காது. ஒரு விளக்கமும் கேட்காமல் சக்கை மாற்றச் சொன்னவர்கள் மேல் எனக்கு இன்னமும் கோபம்தான்.

நடப்பது இதுதான். மூன்று ஜா சக்கில் மூன்று ஜாவையும் (ஜாபைக் கவ்வும் தாடைகளை) நகர்த்துவது ஒரே சுருள் பள்ளம். அந்தப் பள்ளத்தில் எந்த இடத்தில் ஜா நிற்கிறது, எந்தச் சாவித்துளையில் இறுக்கினீர்கள், ஜாவுக்கு அடியில் பித்தளைத் தூள் ஒன்று மாட்டியிருக்கிறதா என்பதைப் பொறுத்து, ஒவ்வொரு பிடியிலும் ஜாபின் மையம் கொஞ்சம் இடம் மாறும். டயல் கேஜில் (நுண்ணிய விலகலை முள்ளால் காட்டும் அளவி) 0.1 மி.மீ. ஆட்டம் காட்டினால் மையம் அதில் பாதி, 0.05 விலகியிருக்கிறது என்று பொருள். வீட்டு லேத்துக்கு இது சாதாரணம். ஆனால் 0.3 சுவரில் 0.05 விலகினால் ஒரு பக்கம் 0.25, எதிர்ப்பக்கம் 0.35. குழாயின் வாயை நேராகப் பார்ப்பவர் கண்ணுக்கு அது உடனே தெரியும். பெரிய ஜாபில் யாரும் கவனிக்காத விலகல், நம் அளவில் முகத்தில் அடிக்கும்.

சந்தேகமிருந்தால் நீங்களே பாருங்கள். நல்ல டிரில் ஒன்றின் காம்பைச் சக்கில் பிடித்து, டயல் கேஜை வைத்துக் கையால் சுற்றுங்கள். கழற்றிவிட்டு வேறு சாவித்துளையில் இறுக்கி மறுபடி பாருங்கள். எண் மாறும். எந்தத் துளையில் ஆட்டம் குறைவோ அதில் ஒரு புள்ளி குத்திவைத்து, இனி எப்போதும் அதிலேயே இறுக்குங்கள். இது கொஞ்சம் உதவும், ஆனால் நோயைத் தீர்க்காது.

தீர்ப்பதற்கு வழி: ஒரே மையத்தில் இருக்க வேண்டியவை அனைத்தையும் ஒரே பிடியில் முடிப்பது. முகத்தைச் சீவுங்கள், சென்டர் டிரில்லால் குழி போடுங்கள், ஓட்டையைப் போடுங்கள், அதற்கப்புறம் வெளிப்பக்கத்தைக் கடையுங்கள். அறுத்து எடுப்பது கடைசி வேலை. சன்னமான ஜாபை விட்டத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் வெளியே நீட்டாதீர்கள், வளைந்து விலகும். கடைந்த வரை அறுத்துவிட்டு, ராடை வெளியே இழுத்து, அடுத்ததை முதலிலிருந்து தொடங்குங்கள்.

பொருந்துகிறதா என்று பார்க்கும் ஆசையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஜாபை விமானத்திடம் கொண்டுபோகாதீர்கள், விமானத்தை லேத்திடம் கொண்டுவாருங்கள். சக்கரம் கடைகிறீர்கள் என்றால் டயரைக் கையில் வைத்துக்கொண்டு, சக்கிலிருக்கும் ஜாபின் மேலேயே மாட்டிப் பாருங்கள். துளையின் அளவு தெரிய வேண்டுமா? அதே அளவு டிரில்லின் காம்பை நுழைத்துப் பாருங்கள். விமானத்தின் மூக்கைத் தூக்கிவர முடியாது என்றால், அதிலுள்ள துளையின் அளவில் ஒரு தகட்டில் துளை போட்டுக்கொள்ளுங்கள். அதுவே உங்கள் கேஜ்.

ஜாபைக் கழற்றி மாட்டுவதற்கு இன்னொரு காரணம் சிக்கனம். பித்தளை விலை கூடுதல் என்பதால் முதலிலேயே குட்டிக் குட்டியாக அறுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டையும் இரு பக்கமும் திருப்பிப் பிடித்துக் கடைகிறார்கள். மிச்சமாவது விரல் நீளப் பித்தளை. வீணாவது பாகம் முழுவதும்.

சரி, சக்கரம் மாதிரி இரண்டு பக்கமும் வேலை இருக்கும் பாகத்துக்கு என்ன செய்வது? முதல் பக்கத்தில் துளை, வெளிவிட்டம், முகம் எல்லாவற்றையும் முடித்து அறுத்துவிடுங்கள். பிறகு வேறு ஒரு ராடைச் சக்கில் பிடித்து, அதன் முனையைச் சக்கரத்தின் துளைக்கு இறுக்கமாகப் பொருந்தும் காம்பாகக் கடையுங்கள். சக்கிலிருக்கும்போதே கடைந்ததால் அந்தக் காம்பு ஆட்டமே இல்லாமல் சுற்றும். அதில் சக்கரத்தைச் சூப்பர் க்ளூ போட்டு ஒட்டி, மறுபக்கத்தை மெதுவாகச் சீவுங்கள். முடிந்ததும் ஹீட் கன்னால் சூடு காட்டினால் கழன்று வந்துவிடும். அந்தப் புகை கண்ணையும் மூக்கையும் எரிக்கும், ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டுச் செய்யுங்கள். எல்லாச் சக்கரத்தையும் முடிக்கும்வரை காம்பு சக்கிலேயே இருக்கட்டும்.

ஓலியோ மாதிரி நீள உருளைகளுக்குப் பிளவு புஷ் போதும். அலுமினிய ராடில் ஜாபின் வெளிவிட்டத்துக்குச் சரியாகத் துளை போட்டு, முதல் ஜாவுக்கு நேராக ஒரு புள்ளி குத்தி, நீளவாக்கில் ஒரு வெட்டு விடுங்கள். புள்ளி அதே ஜாவுக்கு நேராக வரும்படி மாட்டி, உள்ளே ஜாபை வைத்து இறுக்கினால் நன்றாகவே மையத்தில் நிற்கும், ஜாவின் தடமும் பதியாது. காசு செலவழித்தே ஆக வேண்டும் என்பவர்கள் சக்குக்குப் பதிலாக ஈ.ஆர். காலெட் செட் (ஜாபைச் சுற்றிலும் கவ்வும் பிளவுக் குழல்கள்) வாங்கலாம். நாலு ஜா சக்கில் டயல் கேஜ் வைத்து மையம் பிடிக்கவும் பழகிக்கொள்ளுங்கள். முதலில் பொறுமையைச் சோதிக்கும், கை பழகினால் சில நிமிட வேலை.

சேலத்துப் பையன் அன்றைக்கே, என் பட்டறையில் இருந்த பழைய சக்கில், நான்கு குழாயையும் கழற்றாமல் கடைந்தான். நான்கும் நடுவில் நின்றன.

சின்ன டிரில்லைப் பெரிய டிரில் மாதிரி தள்ளுவது

0.5 மி.மீ. டிரில்லை 2500 ஆர்.பி.எம்.-இல் சுற்றினால் அதன் விளிம்பு வேகம் நிமிடத்துக்கு 4 மீட்டர்கூட வராது. பித்தளைக்கு 40 மீட்டராவது தேவை என்று வைத்தால் 25,000 ஆர்.பி.எம். வேண்டும். மினி லேத்தில் அது நடக்காது. ஆகவே உச்ச வேகத்தில் வையுங்கள், டிரில்லைப் பிடித்திருக்கும் டெய்ல்ஸ்டாக்கைத் துளித்துளியாக முன்னே விட்டு, ஒவ்வொரு முறையும் முழுக்க வெளியே இழுத்துத் தூளைத் தட்டிவிடுங்கள். பெரிய டிரில்லாக இருந்தால் பித்தளையில் அது திருகுபோல உள்ளே இழுத்துக்கொண்டு போகும். அதன் வெட்டு விளிம்பைச் சாணைக்கல்லில் லேசாகத் தட்டையாக்கினால் இழுக்காது.

டிரில் உடைந்து பித்தளைக்குள் மாட்டிக்கொண்டால் பாகத்தைத் தூக்கிப் போடாதீர்கள். நாட்டு மருந்துக் கடையில் படிகாரம் வாங்கி, கண்ணாடிப் பாத்திரத்தில் வெந்நீரில் கரையும் மட்டும் கரைத்து, பாகத்தை அதில் போட்டுச் சூடு ஆறாமல் வைத்திருங்கள். எஃகு மெல்ல மெல்லக் கரைந்துபோகும், பித்தளைக்கு ஒன்றும் ஆகாது. கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் வெகுகாலமாகச் செய்யும் வேலை இது. ஒரு நாள்கூட ஆகலாம், காத்திருங்கள்.

பேக்லாஷ்

கைப்பிடியைத் திசை மாற்றித் திருப்பினால், திருகில் இருக்கும் தளர்வு தீரும்வரை டூல் நகராது; அதுதான் பேக்லாஷ். அளவைத் தாண்டிவிட்டால் கைப்பிடியை அரைச் சுற்றுப் பின்னால் கொண்டுபோய், திரும்ப முன்னால் வாருங்கள்.

கிராஸ் ஸ்லைடு டயல்

டூலைக் குறுக்கே நகர்த்தும் கைப்பிடியில் இருக்கும் இந்த டயல் ஆரத்தைக் காட்டுகிறதா, விட்டத்தைக் காட்டுகிறதா என்று முதல் நாளே ஒரு ராடைக் கடைந்து தெரிந்துகொள்ளுங்கள்.

கையுறை

லேத்தில் கூடாது. ஒருபோதும் கூடாது.

பித்தளை மேல் நேரடிப் பெயின்ட்

உரியும். அசிடோனால் துடைத்து, கை படாமல், முதலில் உலோகத்தைக் கவ்விப் பிடிக்கும் எட்ச் பிரைமர்.

அருங்காட்சியகத்தில் நிற்கும் விமானத்தை அப்படியே அளப்பது

பழைய ஏர்போர்ட் ரோட்டில் ஹெச்.ஏ.எல். பாரம்பரிய மையம் இருக்கிறது. அங்கே மாருத்தைப் பக்கத்தில் நின்றே பார்க்கலாம். இப்படி ஒரு வசதி வேறு ஊரில் இருப்பவர்களுக்கு அவ்வளவு எளிதில் கிடைக்காது, கட்டாயம் போங்கள். ஆனால் வெகுகாலமாக நிற்கும் எந்த விமானத்திலும் ஓலியோவின் அழுத்தம் இறங்கிப்போயிருக்கலாம், டயர் அமுங்கியிருக்கலாம். பளபளக்கும் உள் ராடு நிஜத்தில் எவ்வளவு வெளியே தெரியுமோ அதைவிடக் குறைவாகவே தெரியும். அதைப் பார்த்து அளவெடுத்த மாடல்கள் வயிறு தரையைத் தொடுகிற மாதிரி உட்கார்ந்துவிடுகின்றன. மேலே கோட்டு கோட்டாக ஏறிய பெயின்டில் விளிம்புகளும் மழுங்கியிருக்கும்.

அங்கே வடிவத்தைப் பாருங்கள். எந்தக் குழாய் எங்கே போகிறது, எந்தப் பாகம் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். நிற்கும் உயரத்தை மட்டும் அந்த விமானங்கள் பணியில் இருந்த காலத்துப் படங்களிலிருந்து எடுங்கள். மாருத் 1967-இல் விமானப்படையில் சேர்ந்தது, 1971 போரிலும் பறந்தது. அந்தக் காலத்துப் படங்களில் பக்கவாட்டிலிருந்து நேராக எடுத்த ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். சக்கர விட்டத்தை அளவுகோலாக வைத்தால், உள் ராடு எவ்வளவு வெளியே நிற்கிறது என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம்.

படம் கிடைக்கவில்லை என்றாலும் வேலையை நிறுத்த வேண்டாம். ஓலியோவின் வெளி உருளையையும் உள் ராடையும் தனித்தனியாகச் செய்து, ராடு வழுக்கிப் போகும்படி உருளையின் துளையை ஆழமாக விடுங்கள். மூன்று காலையும் மாட்டி, விமானத்தை மேசையில் நிறுத்தி, உயரத்தைப் பார்த்து நகர்த்திய பிறகு ஒட்டிக்கொள்ளலாம்.