‘ஆர்டர் பின்னால் வரும்’ என்று எழுதாதீர்கள்: பல்கலைக்கழக ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய ஒப்பந்தத் தவறுகள்

போன மாதம் ஓர் உதவிப் பேராசிரியர் என் அறைக்கு வந்தார். கையில் ஒரு தனியார் நிறுவனத்தோடு போட்ட ஆலோசனைப் பணி ஒப்பந்தம், ஒன்பது பக்கம். கடைசிப் பக்கத்தில் அவருடைய கையெழுத்து, அதற்குக் கீழே துறையின் ரப்பர் ஸ்டாம்ப். “சார், இதுக்கு ஒரு காப்பி ரிஜிஸ்ட்ரார் ஆபீசுக்குக் கொடுக்கணுமா, நம்மகிட்டயே வச்சுக்கலாமா?” என்று கேட்டார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2011-ல் நான் செய்ததும் ஏறக்குறைய இதேதான்.

லஞ்சம் வாங்கக் கூடாது, படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். நல்ல மனதோடு, வேலை சீக்கிரம் முடியட்டும் என்று நினைக்கிற ஆசிரியர்களே திரும்பத் திரும்பச் செய்கிற தவறுகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

அதிகாரம் இல்லாமல் வாக்குக் கொடுப்பது

2011-ல் எனக்கு மத்திய அரசு நிதியில் முதல் ஆய்வுத் திட்டம் கிடைத்திருந்தது. மாதிரிகளை உறைய வைத்து உலர்த்தும் கருவி ஒன்று வாங்க வேண்டும். விற்பனைப் பிரதிநிதி ஒரு வெள்ளிக்கிழமை மாலை மின்னஞ்சல் அனுப்பினார்: இந்த விலை மாதக் கடைசி வரைக்கும்தான். கொள்முதல் குழு இன்னும் கூடவில்லை. விலை ஏறிவிடுமே என்ற பதற்றத்தில், “அனுப்பி வையுங்கள், ஆர்டர் பின்னால் வரும்” என்று பதில் போட்டேன். கீழே என் பெயர், பதவி, பல்கலைக்கழகத்தின் பெயர் எல்லாம் இருந்தன.

மூன்றே வாரத்தில் மரப்பெட்டி வந்து ஆய்வகத்தின் தாழ்வாரத்தில் இறங்கியது. கோப்பு நிதி அலுவலரிடமிருந்து திரும்பி வந்தது. ஆணையே இல்லாமல் பொருள் எப்படி வந்தது என்று பச்சை மையில் ஒரே வரி எழுதியிருந்தார். பிரதிநிதி என் மின்னஞ்சலை அச்செடுத்துக்கொண்டு நேராகப் பதிவாளரிடம் போய்விட்டார். சட்ட ஆலோசகர் என்னைக் கூப்பிட்டு முதலில் கேட்ட கேள்வி: “பெட்டியைப் பிரிச்சீங்களா?”

பிரித்திருந்தோம். ஆய்வு மாணவர் ஒருவர் அதற்குள் பதினைந்து மாதிரிகளை அதில் ஓட்டியும் முடித்திருந்தார்.

சட்ட ஆலோசகர் ஏன் அப்படிக் கேட்டார் என்பது பிறகுதான் புரிந்தது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ன் 70-வது பிரிவுப்படி, இலவசமாகத் தரும் எண்ணம் இல்லாமல் ஒருவர் சட்டப்படி கொடுத்த பொருளின் பலனை நாம் அனுபவித்துவிட்டால், ஈடு கொடுக்க வேண்டும் அல்லது பொருளைத் திருப்பித் தர வேண்டும். பயன்படுத்திய கருவியைப் புதிது என்று யார் திரும்ப எடுப்பார்? அதே சட்டத்தின் 235-வது பிரிவு இன்னும் கடுமையானது. அதிகாரம் பெற்ற முகவர் என்று பொய்யாகக் காட்டிக்கொண்டு ஒருவரைப் பேரத்தில் இறக்கி, நிறுவனம் அதை ஏற்காமல் போனால், அந்த நஷ்டத்தை அப்படிக் காட்டிக்கொண்டவரே ஈடு செய்ய வேண்டும். அதாவது, நம் சொந்தப் பணம்.

பல்கலைக்கழகம் என்பது சட்ட நபர், அதாவது சட்டத்தின் பார்வையில் தனி ஆள். அதன் சார்பில் யார் கையெழுத்திடலாம் என்று அதன் சட்டமும் சாசன விதிகளும் சொல்லும். பெரும்பாலும் அது பதிவாளர். அவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்திருந்தால் தவிர, துறைத் தலைவரோ திட்டத்தை நடத்தும் முதன்மை ஆய்வாளரோ பல்கலைக்கழகத்தின் சார்பில் வாக்குக் கொடுக்க முடியாது. திட்டப் பணம் நம் பெயரில் ஒதுக்கப்பட்டிருப்பதால் அது நம்முடையது என்ற எண்ணம்தான் இத்தனைக்கும் வேர்.

மின்னஞ்சல்தானே, கையெழுத்து இல்லையே என்று இன்றைக்கும் சிலர் வாதிடுகிறார்கள். இதைக் கேட்டால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு மின்னணு வழியில் உருவான ஒப்பந்தத்தை அந்தக் காரணத்துக்காகவே செல்லாது என்று சொல்ல விடாது. 2010-ல் ட்ரைமெக்ஸ், வேதாந்தா அலுமினியம் நிறுவனங்களுக்கு இடையிலான வழக்கில், முறையான ஒப்பந்தம் கையெழுத்தாகாவிட்டாலும் பாக்சைட் வாங்குவது பற்றிப் பரிமாறிய மின்னஞ்சல்களாலேயே ஒப்பந்தம் முடிவாகிவிட்டது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

என் கதை முடிய பதினான்கு மாதம் ஆனது. அதற்குள் திட்டக் காலம் முடிந்து, செலவாகாத நிதி டெல்லிக்குத் திரும்பிவிட்டது. பல்கலைக்கழகம் தன் பொது நிதியிலிருந்து பணம் கட்டியது. எனக்கு மெமோ வந்தது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். விவகாரம் தீரும்வரை கருவியைத் தொடக் கூடாது என்று பூட்டிவிட்டார்கள். அந்த மாணவரின் ஆய்வேடு ஒரு வருடம் தள்ளிப்போனது. என் ஒரு வரிக்கு அவர் விலை கொடுத்தார்.

இப்போது விற்பனையாளருக்கு எழுதும் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் இதைச் சேர்க்கிறேன்: “இது விலை விசாரணை மட்டுமே. பல்கலைக்கழகத்தின் கொள்முதல் ஆணை கிடைக்கும் முன் பொருளை அனுப்ப வேண்டாம்.” ஆணை இல்லாமல் பெட்டி வந்தால் வாங்கி வைக்காதீர்கள், பிரிக்கவே பிரிக்காதீர்கள். அன்றைக்கே எழுத்தில் மறுத்து, பதிவாளருக்கு நகல் அனுப்புங்கள்.

அந்த உதவிப் பேராசிரியரையும் அன்று மாலையே பதிவாளரிடம் அழைத்துப்போனேன். வேலை தொடங்கவில்லை, பணம் வரவில்லை. அதனால் பல்கலைக்கழகத்தின் பெயரில் புது ஒப்பந்தம் எழுத நிறுவனமும் ஒப்புக்கொண்டது.

ஒரே தேவையைத் துண்டாக்குவது

ஆறு கணினி வேண்டும். ஒரே ஆணையாகப் போட்டால் டெண்டருக்குப் போக வேண்டும், அதனால் இந்த வாரம் இரண்டு, அடுத்த வாரம் இரண்டு என்று வாங்கிவிடலாம் என ஆய்வகத்தில் யாராவது ஒருவர் யோசனை சொல்வார். மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017-ல் 157-வது விதி இதைத்தான் தடுக்கிறது: மேலதிகாரியின் ஒப்புதலைத் தவிர்ப்பதற்காகத் தேவையைச் சிறு சிறு அளவாகப் பிரிக்கக் கூடாது. ஒரே கடை, ஒரே பொருள், அடுத்தடுத்த பில் எண்கள். தணிக்கைக்காரர் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். ஆண்டுத் தொடக்கத்திலேயே முழுத் தேவையையும் பட்டியல் போட்டு ஒரே கோப்பாக அனுப்புங்கள்.

முன்தேதியிட்ட ஆணை

பொருள் வந்த பிறகு, பழைய தேதி போட்டு ஆணை எழுதுவது வேண்டாம். யார் கேட்டாலும் வேண்டாம்.

எம்ஓயுதானே என்று விடுவது

புரிந்துணர்வு ஒப்பந்தம் (எம்ஓயு) என்று தலைப்புப் போட்டுவிட்டால் அது நம்மைக் கட்டுப்படுத்தாது என்று நினைக்கிறோம். நீதிமன்றம் தலைப்பைப் பார்க்காது, உள்ளே இருப்பதைப் பார்க்கும். இவ்வளவு பணம், இந்தத் தேதிக்குள், தவறினால் இவ்வளவு இழப்பீடு என்று எழுதியிருந்தால் அது ஒப்பந்தம்தான். படிக்கும்போது இரண்டு இடங்களில் நிதானியுங்கள். தகராறு வந்தால் எந்த ஊர் நீதிமன்றம்? ஆய்வு முடிவு யாருக்குச் சொந்தம்? பெரிய நிறுவனங்களின் அச்சிட்ட படிவங்களில், நாம் ஏற்கெனவே பத்து வருடமாகச் சேர்த்த தரவையும் அவர்களுக்கே தரும் வரி இருக்கும். அதை அடிக்கச் சொன்னால் பெரும்பாலும் அடித்துவிடுகிறார்கள். நாம்தான் கேட்பதில்லை.

ஜிஎஸ்டி

ஆலோசனைக் கட்டணம் பேசும்போதே 18 சதவீத வரி தனி என்று எழுதிவிடுங்கள்.

காப்புரிமைக்கு முன்னால் கருத்தரங்கு

புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்ததும் மேடையில் சொல்லத் துடிக்கிறோம். வெளியே சொல்லிவிட்டால் புதுமை போய்விடும், காப்புரிமை (பேடென்ட்) கிடைக்காது. காப்புரிமைச் சட்டம், 1970-ன் 31-வது பிரிவு அறிஞர் கழகம் ஒன்றின் முன் படித்த கட்டுரைக்கு 12 மாத விலக்குத் தருகிறது. ஆனால் அதன் வாசல் குறுகலானது, நம் எல்லாக் கருத்தரங்குகளும் அதற்குள் நுழையாது. ஐரோப்பியக் காப்புரிமையில் இப்படிப் பொதுவான சலுகைக் காலமே கிடையாது. கண்டுபிடிப்பை முதல்கட்டமாக விவரிக்கும் தற்காலிக விவரக்குறிப்போடு விண்ணப்பத்தை முதலில் போட்டுவிடுங்கள். முழு விவரக்குறிப்பைத் தர அதற்குப் பிறகு 12 மாதம் இருக்கிறது. சுருக்க உரையைக் கருத்தரங்குக்கு அனுப்புவது அதற்கு மறுநாள்.