கிரிப் மாற்றிய பிறகு ஆக்ஸிலேட்டர் சிக்குகிறதா?

ஆக்ஸிலேட்டரை முழுக்க முறுக்கிவிட்டுக் கையை எடுத்தால் 'டக்'கென்று தானாகத் திரும்ப வேண்டும். ஊர்ந்து வந்தாலோ பாதியில் நின்றாலோ சரிசெய்யாமல் வண்டியை ரோட்டில் இறக்காதீர்கள். ஓடும்போது சிக்கிவிட்டால் கிளட்சைப் பிடித்து, இன்ஜினை உடனே அணைக்கும் கில் ஸ்விட்சைத் தட்டுங்கள். கில் ஸ்விட்ச் இல்லாத வண்டியில் சாவியை ஆஃப் வரைக்கும்தான் திருப்ப வேண்டும். அவசரத்தில் லாக் பக்கம் போய்விடக் கூடாது.

எதையும் கழற்றுமுன், இன்ஜினை அணைத்துவிட்டு ஹேண்டிலை நேராக வைத்து ஒருமுறை, இடது கோடியில் ஒருமுறை, வலது கோடியில் ஒருமுறை முறுக்கி விடுங்கள். திருப்பும்போது மட்டும் சிக்கினால் கேபிள் போகும் வழியில் கோளாறு. மூன்று நிலையிலும் சிக்கினால் பெரும்பாலும் கிரிப் பக்கம்தான் எங்கேயோ உரசுகிறது. ஆக்ஸிலேட்டரைத் திரும்ப இழுக்கும் ரிட்டர்ன் ஸ்பிரிங் போய்விட்டது என்று சொல்லி அதை மாற்றச் சொல்பவர்கள் உண்டு. நேற்றுவரை நன்றாக இருந்த ஸ்பிரிங், கிரிப் மாற்றிய அன்றைக்கா தளர்ந்துபோகும்?

கிரிப்பின் உள்விளிம்பு ஸ்விட்ச் பாக்ஸோடு ஒட்டி நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். புது கிரிப்பை அடித்து ஏற்றும்போது 2 மி.மீ. அதிகமாக உள்ளே போய்விடுவது சகஜம். கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றை அந்த இடுக்கில் விட்டுச் சுற்றிலும் ஓட்டுங்கள். அட்டை மாட்டுகிற இடத்தில்தான் ரப்பர் உரசுகிறது. மறுமுனையிலும் இதே கதைதான்: ஹேண்டில் முனையில் மாட்டும் பார் எண்ட் வெயிட்டுக்கும் கிரிப்புக்கும் நடுவில் 1 முதல் 2 மி.மீ. இடைவெளி வேண்டும். முனை மூடிய கிரிப் என்றால், அந்த மூடி ஹேண்டில்பார் பைப்பின் முனையில் முட்டாதபடி கிரிப்பை ட்யூபோடு (கிரிப்புக்குள்ளே, பைப்பின்மேல் சுழலும் பிளாஸ்டிக் குழாய்) சேர்த்துக் கொஞ்சம் வெளியே இழுத்து வையுங்கள். வெயிட் போடுவதாக இருந்தால் மூடியைப் பிளேடால் வட்டமாக வெட்டி எடுத்துவிட வேண்டும்.

அடுத்த சந்தேகம் பசை. வலது கிரிப்பை வண்டியிலேயே வைத்துப் பசை தடவி ஏற்றினால், அது வழிந்து பிளாஸ்டிக் ட்யூபுக்கும் பைப்புக்கும் நடுவே இறங்கி இறுகிவிடும். ட்யூபைக் கழற்றி, தனியாக ஒட்டி, காய்ந்த பிறகே மாட்டுங்கள். ஜோடி கிரிப்பில் துளை பெரிதாக இருப்பதுதான் வலதுபக்கத்துக்கு. பொருந்தாத சின்ன கிரிப்பை வலிந்து ஏற்றினால் ட்யூப் நெரிந்து பைப்பைக் கவ்விக்கொள்ளும்.

ஹேண்டில்பாரையே மாற்றியிருந்தால் பைப்பைத் தடவிப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் கைப்பிடி இடத்தில் அதன் விட்டம் 22 மி.மீ. அதன்மேல் கெட்டியாகப் பெயின்ட் ஏறியிருந்தாலோ, அறுத்த முனையில் பிசிறு இருந்தாலோ ட்யூப் சுழலாது. பிசிறை அரத்தால் தேய்த்து, நைஸ் எமரி தாளால் வழவழப்பாக்குங்கள். ஸ்விட்ச் பாக்ஸுக்குள் ஒரு சின்னப் பின் இருக்கும். புது பைப்பில் அதற்கான துளை இல்லாவிட்டால் பாக்ஸ் கோணலாக உட்கார்ந்து ட்யூபை அழுத்தும். பின்னின் நுனியில் பெயின்ட் தொட்டுப் பைப்பில் பதியவைத்து, அந்த அடையாளத்தில் பின்னின் அளவுக்கே துளை போடுங்கள். பாக்ஸ் ஸ்குரூக்களை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஒவ்வொரு சுற்றுக்கும் முறுக்கிப் பாருங்கள்.

ட்யூபுக்கு அடியில் சேசிஸ் கிரீஸ் அப்புவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். தூசி சேர்ந்து மாவாகிவிடும். துடைத்து உலரவைத்து, லேசாகச் சிலிக்கான் ஸ்பிரே அடித்தால் போதும்.

கிரிப் பக்கம் சுத்தம் என்றால் கேபிள். உயரமான ஹேண்டில்பார் போட்டால் பழைய கேபிள் இழுபடும், தாழ்வானது போட்டால் எங்காவது மடங்கும். இரண்டுக்கும் சரியான நீளத்தில் வேறு கேபிள் வாங்குவதே வழி. கேபிளின் கீழ்முனையைக் கழற்றிக் கையால் இழுங்கள். கரகரவென்று வந்தால் உள்ளே இழை பிரிந்திருக்கும். எண்ணெய் விட்டு ஒப்பேற்றாமல் மாற்றிவிடுங்கள். வறட்சி மட்டும்தான் என்றால், மேல்முனையில் பாலிதீன் பையைக் கூம்பாகக் கட்டி, மெல்லிய எண்ணெய் சில சொட்டு விட்டு இரவு முழுக்கத் தொங்கவிடுங்கள்.

மாட்டிய பிறகு கிரிப்பின் விளிம்பில் 2 முதல் 6 மி.மீ. வரை ஃப்ரீ ப்ளே (கேபிள் இழுபடத் தொடங்குமுன் கிரிப் சும்மா சுழலும் அளவு) வையுங்கள். ஆக்ஸிலேட்டரைத் திறக்க ஒன்று, மூட ஒன்று என்று இரட்டைக் கேபிள் உள்ள வண்டியில், மூடும் கேபிளை அதிகம் இறுக்கினாலும் ஆக்ஸிலேட்டர் கனக்கும். பிறகு வெளியிடத்தில் இன்ஜினை ஓடவிட்டு, ஐடிலில் ஹேண்டிலை இடது கோடியிலிருந்து வலது கோடிவரை திருப்புங்கள். எங்காவது சத்தம் ஏறினால் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். வழியை மாற்றி மறுபடி பாருங்கள்.

யமஹா ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேலை கூடுதல். அதன் கேபிள் நடுவில் பிரிந்து, ஒன்று கார்புரேட்டருக்கும் இன்னொன்று ஆயில் பம்புக்கும் போகிறது. ஹேண்டிலில் கேபிளைத் தொட்டால் பம்பு செட்டிங்கையும் சரிபார்க்க வேண்டும். எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கேபிளே இல்லாத ரைடு பை வயர் வண்டிகளில் கிரிப் உரசலை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சென்சார் பக்கம் ஸ்பிரே அடிக்காதீர்கள்.