மிதக்கும் ரோபோவுக்குப் பற்றுக்கை வடிவமைக்கும் முறை

தஞ்சாவூர், திருச்சி வட்டாரக் கல்லூரிகளில் ரோபோ கை செய்யும் மாணவர்களிடம் எழும் முதல் கேள்வி, அது எத்தனை கிலோ தூக்கும் என்பதாகவே இருக்கும். விண்வெளியில் மிதக்கும் ரோபோவுக்கு அந்தக் கேள்வி ஏறத்தாழப் பொருளற்றது. அங்கே விரல் பட்ட மாத்திரத்தில் ரோபோ பின்னோக்கி விலகத் தொடங்கிவிடும் என்பதால், இறுக்கிப் பிடிப்பதற்கு முன்னால் சூழ்ந்துகொள்ளும்படி விரல்களை அமைக்க வேண்டும்.

10 கிலோ ரோபோ ஒன்று வினாடிக்கு 2 செ.மீ. வேகத்தில் ஒரு கைப்பிடிக் கம்பியை அணுகுவதாகக் கொள்வோம். விரல்களுக்கிடையே 4 செ.மீ. ஆழம் இருந்தால், உள்ளங்கையில் கம்பி மோதி ரோபோ அதே வேகத்தில் பின்வாங்கினாலும், கம்பி நழுவி வெளியேற 2 வினாடி ஆகும். மோதலின் ஆற்றலோ 2 மில்லிஜூல்தான். ஆகவே அரை வினாடியில் மூடும் சிறிய மோட்டாரும், உள்ளங்கையில் மென்மையான நுரைப்பஞ்சும், கம்பி உள்ளே வந்ததை உணரும் அகச்சிவப்பு உணரியும் போதும்.

2019இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குச் சென்ற நாசாவின் ஆஸ்ட்ரோபீ, சுமார் 32 செ.மீ. கனசதுர ரோபோ, விசிறிக் காற்றால் நகர்வது. கைப்பிடிக் கம்பியைப் பற்றி நின்றுவிட்டால் விசிறிகளுக்கு மின்சாரம் செலவாகாது. அத்தகைய கைக்கு, விரல் மூட்டுகளின் வழியே ஓடும் ஓர் இழுகயிற்றை ஒரே மோட்டாரால் இழுப்பது நல்ல ஏற்பாடு; கம்பியின் வடிவத்துக்கேற்ப விரல்கள் தாமே மடிந்துகொள்ளும். கயிற்றுக்கு நாகப்பட்டினத்து மீன்பிடிக் கடைகளில் கிடைக்கும் பின்னல் நரம்பை வாங்கலாம். ஒற்றை இழை நரம்பு நீண்டுகொடுக்கும். வார்ம் கியர் (மோட்டார் சுழற்றினால் மட்டுமே நகரும், மறுபக்கத்திலிருந்து இழுத்தால் சுழலாத திருகுப் பல்சக்கரம்) வைத்தால் மின்சாரமின்றியே பிடி நிற்கும். ஆனால் விண்வெளி வீரர் ஒருவர் கையால் பிடித்திழுத்தால் ரோபோ விடுபட்டு வர வேண்டும். அதற்காகக் கயிற்றுடன் தொடராக ஒரு ஸ்பிரிங்கைச் சேர்ப்பது கட்டாயம்.

நிலையத்துக்கு வெளியே பயன்படுத்துவதானால், காற்றில்லாததால் உறிஞ்சு கிண்ணம் பயன்படாது. பல்லியின் பாதத்தைப் பின்பற்றிய ஒட்டுப்பரப்புகள் அங்கும் பிடிக்கும். சாதாரண கிரீஸ் ஆவியாகிவிடும்.

சோதனைக்கு, நாசாவின் ஏம்ஸ் மையத்தில் கிரானைட் மேசை மீது காற்றுத் தாங்கிகளில் (அடித்துளைகள் வழியே காற்றை ஊதி, மெல்லிய காற்றுப் படலத்தின் மேல் தாங்கும் அமைப்பு) ரோபோவை மிதக்க விடுகிறார்கள். நாம் தடித்த கண்ணாடிப் பலகையைப் பயன்படுத்தலாம். மாவு தூவிய கேரம் பலகையில் காய் வழுக்குவதுபோல் ரோபோ நகரும். இங்கே மட்டம்தான் உயிர்: மீட்டருக்கு 1 மி.மீ. சரிவிருந்தாலே, நின்ற ரோபோ 2 வினாடியில், வினாடிக்கு ஏறத்தாழ 2 செ.மீ. வேகம் பெற்றுவிடும், அதாவது நம் அணுகுவேகம் முழுவதும். ஆகவே பலகையின் கீழ் மூன்று திருகுக் கால்களை வைத்து, விட்ட இடத்திலேயே ரோபோ நிற்கும்வரை திருத்துக. அறுவடைக் காலத்தில் நெல் தூசி காற்றுத் துளைகளை அடைக்கும். காற்றை ஊதும் பம்பின் வாயில் வடிகட்டி பொருத்துக. ஐப்பசி மழையில் நைலான் பாகங்கள் ஈரம் உறிஞ்சி உப்பும் என்பதால், மூட்டு இடைவெளிகளைச் சற்றுத் தாராளமாகவே வையுங்கள்.